குன்றும் கடற்கரையும் தறிக்குழியும்

ஓர் ஊரில் கலை செழிப்பதற்குக் காரணம் யாது என்று வினவினால், இயற்கை எழில் என்பார் சிலர். புரவலர் ஆதரவு என்பார் சிலர். இவ்விரண்டினும் எளிய காரணம் ஒன்று உண்டு. அது வீட்டு வாடகை.

பாரிஸ் மாநகரின் வடபால், ஏறத்தாழ 130 மீட்டர் உயரத்தில் எழுந்து நிற்கும் மோன்மார்த்ர் குன்றை எடுத்துக்கொள்வோம். 1860ஆம் ஆண்டில் நகருடன் இணைக்கப்படும்வரை அது தனிக் கிராமம். காற்றாலைகளும் திராட்சைத் தோட்டங்களும் நிறைந்தது. இணைந்த பின்னரும் அங்கே வாடகை குறைவாகவே இருந்தது. ஆகவே, கைப்பொருள் அற்ற ஓவியர்கள் அக்குன்றை நாடினர். பிக்காசோ 1904 முதல் 1909 வரை அங்கே ஒரு பழைய மரக்கட்டிடத்தில் வாழ்ந்தார். ஓவியரால் குன்று புகழ்பெற்றது, காண வருவோர் பெருகினர், வாடகையும் உயர்ந்தது. முதல் உலகப் போரையொட்டி ஓவியர் பலர் ஆற்றின் தென்பாலுள்ள மோன்பர்னாஸ் பகுதிக்குப் பெயர்ந்தனர். புகழைத் தந்தவர் வெளியேற, புகழ் மட்டும் குன்றில் தங்கிற்று.

நம் நாட்டில் இதற்கு மாறான ஒரு வழி கண்டவர், சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வராயிருந்த கே. சி. எஸ். பணிக்கர். அவரும் அவர்தம் மாணாக்கரும் பாத்திக் முதலிய கைவினைப் பொருள்கள் செய்து விற்றனர். அவ்வருவாயைக் கொண்டு 1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினர். அன்று மணற்பரப்பாயிருந்த அக்கடற்கரை இன்று விலையுயர்ந்த நிலம். எனினும், மண் தமக்கே உரியதாதலால் கிராமம் நிலைத்து நிற்கிறது.

இப்பாடம் ஓவியருக்கு மட்டுமன்று. கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணியில் பட்டுச் சேலை நெய்வோரை எண்ணிப் பாருங்கள். நெசவாளிக்கு வீடே தொழிற்கூடம். குழித்தறி, தரையைத் தோண்டி அமைப்பது. பாவு நீட்டத் தெருவும் வேண்டும். பாவு புணைக்க அண்டை வீட்டார் கையும் வேண்டும். வாடகை வீட்டினின்று அவரை எழுப்பினால், கட்டிலையும் பெட்டியையும் போல அவற்றை வண்டியில் ஏற்றிச் செல்ல இயலுமா?

கூட்டுறவுச் சங்கங்கள் நெசவாளிக்கு நூலும் கூலியும் தருகின்றன. அது நற்பணி. ஆயினும் சேலையின் அழகைப் புகழும் நாம், அதை நெய்பவர் அமர்ந்திருக்கும் தரை யாருக்குச் சொந்தம் என்று கேட்பதில்லை. ஆரணியின் நெசவைக் காக்க விரும்புவோர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுவே.