ஹெல்ப்பர் வேலை என்று சொல்லிப் போர்முனைக்கு

சிங்கவரம் ரங்கநாதர் தேசிங்கு ராஜா வணங்கிய தெய்வம் என்று செஞ்சிப் பக்கத்தில் சின்னப் பிள்ளையும் சொல்லும். 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி அவர் மாண்ட கதையும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்குப் பிறகு செஞ்சிக் கோட்டையில் நடந்ததை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1750-ல் புஸ்ஸியின் தலைமையில் பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டையைப் பிடித்தது. 1761-ல் ஆங்கிலேயக் கம்பெனி அதைப் பறித்துக்கொண்டது. இரண்டுமே வியாபாரம் செய்ய வந்த நிறுவனங்கள். மாதச் சம்பளத்துக்குச் சிப்பாய் வேலையில் சேர்ந்த நம் ஊர்க்காரர்கள் இரு தரப்பிலும் நின்று, தங்களுக்குச் சம்பந்தமில்லாத சண்டையில் செத்தார்கள்.

கம்பெனிப் படைகள் இப்போது வேறு பெயர்களில் திரும்பியிருக்கின்றன. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்கா சமையல், துணி துவைப்பு, லாரி ஓட்டுவது முதல் துப்பாக்கிக் காவல் வரை ஒப்பந்த நிறுவனங்களிடம் விட்டது. ரஷ்யாவின் வாக்னர் குழு சிரியாவிலும் ஆப்பிரிக்க நாடுகளிலும் உக்ரைனிலும் போரிட்டது. ராணுவ வீரன் இறந்தால் நாடாளுமன்றத்தில் கேள்வி எழும். ஒப்பந்த ஆள் இறந்தால் பெரும்பாலும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அரசுகளுக்கு இந்த ஏற்பாடு பிடித்துப் போனதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

தமிழர்கள் இதன் அடியை வாங்கியது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே. பிரிட்டிஷ் சிறப்புப் படையின் முன்னாள் வீரர்கள் நடத்திய கீனி மீனி சர்வீசஸ் என்ற நிறுவனம் 1984-ல் இலங்கைக்கு வந்து, அந்நாட்டுக் காவல்துறையின் சிறப்பு அதிரடிப் படைக்குப் பயிற்சி கொடுத்தது. அதன் விமானிகள் இலங்கை விமானப்படையின் ஹெலிகாப்டர்களையும் ஓட்டினார்கள். 1987 ஜனவரியில் மட்டக்களப்பு கொக்கட்டிச்சோலையில் தமிழர்கள் கொன்று குவிக்கப்பட்ட சம்பவத்தில் குற்றம் சாட்டப்பட்டது அந்த அதிரடிப் படைதான். கீனி மீனி ஆட்கள் மீதான போர்க்குற்றப் புகாரை லண்டன் காவல்துறை விசாரிக்கத் தொடங்கியது 2020-ல். பாக்தாதின் நிசூர் சதுக்கத்தில் 2007-ல் பிளாக்வாட்டர் என்ற அமெரிக்கத் தனியார் நிறுவனத்தின் காவலர்கள் 17 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். தண்டனை பெற்ற நால்வருக்கும் 2020 டிசம்பரில் அதிபர் டிரம்ப் மன்னிப்பு அளித்தார். கொல்லப்படுபவருக்கே இவ்வளவுதான் நீதி என்றால், அந்த வேலைக்குக் கூட்டிச் செல்லப்படும் ஏழைக்கு என்ன கிடைக்கும்?

2024 மார்ச்சில் சி.பி.ஐ. பதிவு செய்த வழக்கு அதற்குப் பதில் சொல்கிறது. பாதுகாவலர் வேலை, ஹெல்ப்பர் வேலை, கல்லூரி இடம் என்று யூடியூபிலும் ஆள் வைத்தும் ஆசை காட்டி, இளைஞர்களை ரஷ்யாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, ரஷ்ய மொழியில் இருந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, கொஞ்ச நாள் பயிற்சிக்குப் பிறகு உக்ரைன் போர்முனையில் நிறுத்தினார்கள். சி.பி.ஐ. சோதனை நடத்திய ஊர்களில் சென்னையும் மதுரையும் உண்டு. 2025 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகம் சொன்ன கணக்குப்படி 126 இந்தியர்கள் ரஷ்யப் படையில் இருந்தார்கள். அவர்களில் 96 பேர் திரும்பினர், 12 பேர் இறந்தனர், 16 பேரைக் காணவில்லை. அதன் பிறகும் ஆள் எடுப்பது நிற்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் இன்னும் 44 பேர் அங்கே இருப்பதாக அமைச்சகம் சொன்னது.

இவர்கள் சேர்க்கப்பட்டது தனியார் நிறுவனத்தில் அல்ல, அரசுப் படையில். ஆனால் ஏஜென்ட், கடன், புரியாத காகிதம் என்று வழி ஒன்றுதான். அந்தக் காகிதம் உங்களை யாராக ஆக்குகிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி, படையோடு போகும் சமையல்காரரும் டிரைவரும் அந்தப் படை கொடுத்த அடையாள அட்டையோடு பிடிபட்டால் போர்க்கைதிக்குரிய பாதுகாப்பைக் கேட்கலாம். கூலிப்படையாள் என்று முத்திரை விழுந்தால், 1977-ன் கூடுதல் நெறிமுறை அந்த உரிமையைத் தருவதில்லை. இந்தியாவோடு நட்பாக உள்ள நாட்டின் அரசுக்கு எதிராகப் போர் புரிவது பாரதிய நியாய சன்ஹிதா 153-ஆம் பிரிவின்படி குற்றம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஏமாந்து போனவன் இங்கே வந்தும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கலாம்.

நம் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் ஈராக், லிபியா, ஏமன், வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். ரஷ்யா அந்தப் பட்டியலில் இல்லை. பத்தாவது தேறியவருக்கு இந்தச் சோதனையே கிடையாது. அதனால் டூரிஸ்ட் விசாவில் ஏற்றிவிடுவது ஏஜென்ட்டுக்குச் சுலபம். உரிமம் இல்லாமல் வெளிநாட்டுக்கு ஆள் எடுத்தால் 1983 குடியேற்றச் சட்டத்தில் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதமோ வெறும் 2,000 ரூபாய் வரை. ஒரு தலைக்கு லட்சக்கணக்கில் வாங்குபவருக்கு இந்தத் தொகை எந்தப் பயத்தையும் தராது. இதை மாற்றச் சொல்லி நம் எம்.பி.க்களிடம் கேட்க வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பது முன்னெச்சரிக்கை. நகையை அடகு வைப்பதற்கு முன், ஏஜென்ட்டின் உரிம எண்ணை வாங்கி வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். ஊருக்குள் சுற்றும் சப்-ஏஜென்ட்டுக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. உரிமம் பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். ரசீது கேளுங்கள். செக்யூரிட்டி வேலை என்றால், இந்தியக் காவல் நிறுவனம் வெளிநாட்டில் ஆள் நிறுத்த 2005-ன் தனியார் காவல் முகமைகள் சட்டப்படி தனி அனுமதி வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். முன்னாள் ராணுவத்தினரைத் தேடி வரும் டாலர் சம்பள வேலைக்கும் இது பொருந்தும். தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் சென்னையில் 1978 முதல் இயங்குகிறது. சந்தேகம் இருந்தால் அங்கே கேட்கலாம். டூரிஸ்ட் விசாவில் வேலை என்று யார் சொன்னாலும் கிளம்பாதீர்கள். தெரியாத மொழியில் உள்ள காகிதத்தில் விமான நிலையத்திலோ முகாமிலோ கையெழுத்துப் போடாதீர்கள்.

பிள்ளை ஏற்கெனவே போய் மாட்டிக்கொண்டால், ஏஜென்ட் இன்னும் ரெண்டு நாள் பொறுக்கச் சொல்வார். பொறுக்கக் கூடாது. பாஸ்போர்ட் நகல், விசா, பணம் கட்டிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு, குரல் பதிவு, கடைசியாக எங்கிருந்து பேசினான் என்ற தகவல் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். அந்த நாட்டு இந்தியத் தூதரகத்துக்கும் 'மதத்' இணையதளத்துக்கும் அன்றே புகார் அனுப்புங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்தில் மோசடி, ஆள்கடத்தல் பிரிவுகளில் எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவருக்கு நம் விழுப்புரம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு உதவும். அதற்கான எண் 15100.

அமெரிக்க ஒப்பந்த நிறுவனத்தில் வேலை பார்த்து இறந்தவர் அல்லது காயமுற்றவர் எந்த நாட்டவராக இருந்தாலும், 1941-ன் பாதுகாப்புத் தளச் சட்டப்படி இழப்பீடு கேட்கலாம். இதைக் கம்பெனி தானாகவே வந்து சொல்லும் என்று காத்திருக்க வேண்டாம்.

வெளிநாட்டு வேலை பற்றிய எந்தச் சந்தேகத்துக்கும் மத்திய அரசின் இலவச உதவி எண் 1800 11 3090. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒருமுறை அந்த எண்ணுக்குப் பேசுங்கள்.