வருடத்துக்கு 12 சம்பளம், 13 ரீசார்ஜ்

கேபிளை எடுத்துவிட்டு வேறென்ன போடலாம் என்று கேட்டால் செல்போன் கடையில் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள்: டிடிஎச், ஃபைபர், ஸ்மார்ட் டிவி, ஓடிடி, யூடியூப். எது மலிவு, எதில் படம் தெளிவு என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பேக் எந்தத் தேதியில் தீரும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. திருவள்ளூர் பக்கத்துச் செவ்வாப்பேட்டை, புட்லூர், காக்களூர் வீடுகளில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

காரணம் சம்பளத் தேதி. காக்களூர் தொழிற்பேட்டைக்கோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கோ போகிறவர்கள், மின்சார ரயில் பிடித்து அம்பத்தூருக்கு ஓடுகிறவர்கள், இவர்களில் பெரும்பாலோருக்கு மாதம் பிறப்பது 1ஆம் தேதியில் இல்லை. 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவான ஆலை என்றால் 7ஆம் தேதிக்குள், அதற்கு மேற்பட்டது என்றால் 10ஆம் தேதிக்குள் சம்பளம் தரவேண்டும் என்று கெடு வைத்தது. அந்தப் பழக்கத்தில்தான் வாடகை, சீட்டு, மளிகைக் கணக்கு எல்லாம் ஓடுகின்றன.

ரீசார்ஜ் பேக்குக்கு அந்தக் கணக்குத் தெரியாது. அதன் மாதம் 28 நாள். மார்ச் 10ஆம் தேதி சம்பளத்தன்று போட்டால் அடுத்தது ஏப்ரல் 7, பிறகு மே 5, ஜூன் 2, ஜூன் 30. நான்கே சுற்றில் மாதக் கடைசிக்கு வந்துவிடுகிறது. கையில் காசு வற்றிப்போகும் நாள் அது. மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கிற பேக் ஒன்றாவது இருக்கவேண்டும் என்று 2022இல் விதி வந்தது. ஆனாலும் கடையில் பேச்சு 28 நாளில்தான் தொடங்குகிறது.

கேபிள்காரர் விஷயம் வேறு. செட்டாப் பாக்ஸ் வந்த பிறகு அவருக்கும் எல்லாம் முன்பணம்தான். தன் கணக்கில் பணம் போட்டுத்தான் ஒவ்வொரு பாக்ஸையும் அவர் உயிர்ப்பிக்க முடியும். இருந்தும், ‘பத்தாம் தேதி தரேண்ணா’ என்றால் தன் காசைப் போட்டுப் படத்தை ஓடவிட்டு, பத்தாம் தேதி வந்து வாங்கிக்கொள்கிற கேபிள்காரர்கள் இருக்கிறார்கள். அந்தக் கைமாற்றை ஆப்பிடம் எதிர்பார்ப்பது கடினம். நள்ளிரவு 12 மணிக்குப் பேக் தீர்ந்தால் தீர்ந்ததுதான். கேபிளை வெட்டுவதில் மிச்சமாகும் ஐம்பது, நூறைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கடன் வசதியை ஏன் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

போனிலேயே பார்த்துக்கொள்ளலாமே என்பார்கள். சாதாரணத் தரத்தில் பார்த்தாலே வீடியோவுக்கு மணிக்கு அரை ஜிபிக்கு மேல் கரையும். மாலை ஆறரை முதல் இரவு பத்து வரை சீரியல் ஓடுகிற வீட்டில் தினம் ஒன்றரை ஜிபி பேக் ஒன்பதரை மணிக்கு முன்பே மூச்சை விட்டுவிடும். சரி, ஸ்மார்ட் டிவி வாங்கி ஹாட்ஸ்பாட்டில் இணைக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் போன் மகனுடையது. அவர் இரண்டாம் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பினால் கூடவே டிவியும் கிளம்பிவிடுகிறது. வீட்டில் மீதி இருக்கிற அம்மாவுக்குப் பெரிய கறுப்புக் கண்ணாடி ஒன்றுதான் மிச்சம்.

ஃபைபர் நல்லது என்கிறவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. பிள்ளைகளின் படிப்பு, போன், டிவி மூன்றும் ஒரே பில்லில் அடங்கும். இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவர் தனக்குத் தோதான நேரத்தில் பார்க்கலாம். ஆனால் அந்த ஒரு பில் கட்டாமல் நின்றால் மூன்றும் சேர்ந்து நிற்கும்.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கிய காலத்தில் டிவி வாங்குவதுதான் பெரிய செலவு. மாடியில் ஆண்டெனா நட்டால் படம் வந்தது, மாதாமாதம் யாருக்கும் பணம் கட்டவேண்டியதில்லை. 2006இல் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சி வீடு வீடாக வரத் தொடங்கியபோது பெட்டிதான் இலவசம், படத்துக்குக் காசு. 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. 2019 பிப்ரவரியில் வந்த புதிய முறையில் அடிப்படைக் கட்டணத்தின் உச்சவரம்பே 130 ரூபாயும் வரியுமாக 153 ரூபாய் 40 காசு ஆனது. கட்டணச் சேனல்களுக்குத் தனி.

மாதக் கட்டணமே இல்லாத வழி ஒன்று இன்றும் இருக்கிறது. அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. 2004 டிசம்பரில் தொடங்கிய தூர்தர்ஷனின் இலவச டிடிஎச், இப்போதைய பெயர் டிடி ஃப்ரீ டிஷ். தட்டும் பாக்ஸும் சேர்த்து ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய், அதோடு சரி. ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. நம் பக்கத்தில் தட்டைத் தென்கிழக்காகத் திருப்பி, நன்றாக வானத்தை நோக்கி நிமிர்த்தி வைக்கவேண்டும். ஐப்பசி கார்த்திகையில் மழை கொட்டினால் படம் கொஞ்ச நேரம் உடையும். காசு கட்டுகிற டிடிஎச்சுக்கும் அதே கதிதான். வாடகை வீட்டில் இருப்பவர்கள் தட்டு மாட்ட வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவேண்டும். காலி செய்யும்போது கழற்றி எடுத்துப் போய்விடலாம்.

குறை வேறிடத்தில். அதில் குவிந்திருப்பவை இந்திச் சேனல்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து கும்மிடிப்பூண்டி பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் தொழிலாளிக்கு இந்தியில் படம், பாட்டு, செய்தி எல்லாம் காசில்லாமல் கிடைக்கும். குடும்பத்தை விட்டு வந்தவருக்கு அது நிச்சயம் வேண்டும். பக்கத்துத் தெருவில் அதே தட்டை மாட்டும் தமிழ் வீட்டுக்கு டிடி தமிழ் வரும். அது தவிர விரல்விட்டு எண்ணும் அளவில்தான் தமிழ். மாலைச் சீரியலும் இரவுச் செய்தியும் பழகிய வீடு அந்தத் தட்டோடு எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்?

தமிழ்ச் செய்திச் சேனல்கள் பல, யூடியூபில் நாள் முழுக்க இலவசமாக நேரலை தருகின்றன. டேட்டா இருக்கிறவருக்குத் தருவதை, இலவசத் தட்டு வழியாக டேட்டா இல்லாதவருக்கும் தரலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும் புறநகரிலும் பல இடங்களில் செல்போன் சிக்னலே இல்லை. மின்சாரம் திரும்பிய வீட்டிலும், கையில் போன் மட்டும் வைத்திருந்தவருக்குச் செய்தி வரவில்லை. இன்னொரு புயல் மாதக் கடைசியில், பேக் தீர்ந்த மறுநாள் வந்தால், பூண்டி ஏரியில் எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்ற அறிவிப்பு எந்த வழியாக அந்த வீட்டுக்குப் போய்ச் சேரும்? இலவசத் தட்டில் இரண்டு தமிழ்ச் செய்திச் சேனல், இரண்டு பொழுதுபோக்குச் சேனல் நிரந்தரமாக இருக்கவேண்டும் என்று தமிழ்நாட்டிலிருந்து குரல் எழவேண்டும். அந்தச் சேனல்கள் வரும்வரை, தட்டு வாங்கினாலும் கேபிள் பாக்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.