பட்டறை இடம் மாறும்போது

ஜொகூரில் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று புதிய வளாகத்துக்குப் போகப்போகிறது என்றால், நாளிதழ்களில் முதலில் வருவது கட்டடத்தின் மாதிரிப் படம். கண்ணாடி முகப்பு, புல்வெளி, நடந்து போகும் நான்கு மாணவர்கள். அந்தக் கல்லூரியின் உயிர் இருக்கும் இடம் படத்தில் வராது. அது பின்கட்டில், எண்ணெய் வாடை அடிக்கும் பட்டறையில் இருக்கிறது.

கலைக் கல்லூரிக்கு மேசை நாற்காலிகளையும் நூலகத்தையும் லோரியில் ஏற்றினால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். தொழிற்கல்லூரிக்கு வேலையே அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. டன் கணக்கில் எடையுள்ள லேத்தைக் கொண்டுபோய்ப் புதிய தரையில் இறக்கியதும் மறுநாளே ஓட்ட முடியாது. அதன் வார்ப்பிரும்புப் படுகை தரையின் சிறு கோணலுக்கும் முறுக்கிக்கொள்ளும். ரசமட்டம் வைத்து நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் மட்டம் பார்த்து, அடிப்போல்டுகளை இறுக்கி, ஒரு சோதனைத் தண்டைக் கடைந்து, இரண்டு முனையும் ஒரே விட்டத்தில் வருகிறதா என்று மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். வராவிட்டால் மறுபடியும் மட்டம். கணினியில் இயங்கும் சிஎன்சி இயந்திரத்துக்கு வேறொரு கவலை. அதன் நினைவகம் பழைய ரகங்களில் ஒரு சிறிய பேட்டரியை நம்பி இருக்கிறது. மாதக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடங்கில் கிடந்து அந்த பேட்டரியும் தீர்ந்தால், இயந்திரத்தின் அளவுருக்கள் அத்தனையும் அழிந்துபோகும். முன்கூட்டியே நகல் எடுத்து வைக்காத கல்லூரியில், பல லட்சம் ரிங்கிட் இயந்திரம் துணி போர்த்திய காட்சிப்பொருளாக நின்றுவிடும்.

மும்முனை மின்சாரத்தில் ஃபேஸ் வரிசை மாறினால் மோட்டார்கள் எதிர்த்திசையில் சுற்றும். காற்றழுத்தக் குழாய்களைச் சரிவாகப் போட்டுத் தாழ்ந்த இடத்தில் நீர் வடிக்கும் வால்வு வைக்காவிட்டால், ஜொகூரின் ஈரக்காற்றில் குழாய்க்குள் தண்ணீர் சேர்ந்து கருவிகளைத் துருப்பிடிக்க வைக்கும். வெல்டிங் கூடங்களில் புகையை உறிஞ்சும் அமைப்பு முதலில் வர வேண்டும், மாணவர் பிறகு வரவேண்டும். பாரந்தூக்கிகளையும் அழுத்தக் கலன்களையும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை பார்த்துச் சான்று தர வேண்டும். திறன் மேம்பாட்டுத் துறை ஒரு பயிற்சி மையத்தை அங்கீகரிக்கும்போது கருவிகளையும் வசதிகளையும் நேரில் வந்துதான் பார்க்கிறது.

இந்த வேலைகளை எல்லாம் குத்தகைக்காரரிடம் விட்டுவிட்டு மாணவரை விடுமுறைக்கு அனுப்புவது பெரிய இழப்பு என்று நினைக்கிறேன். இயந்திரத்தைக் கழற்றி, நகர்த்தி, மட்டம் பார்த்து மீண்டும் ஓடவிடுவதைவிடச் சிறந்த பாடம் இறுதியாண்டுப் பராமரிப்புப் பிரிவு மாணவனுக்கு எது? தொழிற்சாலைகள் தேடுகிற ஆளும் அந்தப் பாடத்தைக் கற்றவன்தான்.

மலேசியாவில் தொழில்நுட்பக் கல்வியின் வரலாறே ஒரு நீண்ட இடப்பெயர்ச்சி. அதன் மிகப் பெரிய நகர்வு ஜொகூரில் வந்து முடிந்தது. 1904இல் கோலாலம்பூரில், ரயில்வேக்கும் பொதுப்பணித் துறைக்கும் தொழில்நுட்ப உதவியாளர்களைப் பழக்குவதற்காக ஒரு சிறிய பள்ளி தொடங்கியது. கூட்டு மலாய் மாநிலங்களின் ரெசிடென்ட் ஜெனரலாக இருந்த டிரீச்சரின் பெயர் பின்னர் அதற்கு வந்தது. அந்த இரண்டு துறைகளும் நம்மவர்களுக்கு அந்நியமானவை அல்ல. தண்டவாளம் போட்டவர்களும் சாலைக்குக் கல் உடைத்தவர்களும் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள். நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் இருந்தார்கள்.

விக்டோரியா கல்விக்கூடம் 1929இல் பெட்டாலிங் குன்றுக்குப் போன பிறகு, ஹை ஸ்திரீட்டில் அது விட்டுச்சென்ற பழைய கட்டடத்துக்கு இந்தத் தொழில்நுட்பப் பள்ளி குடிவந்தது. இன்று அந்தத் தெருவின் பெயர் ஜாலான் துன் எச்.எஸ்.லீ. மகா மாரியம்மன் கோயில் இருக்கும் அதே தெரு. தைப்பூச வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படும் அந்தத் தெருவில்தான் நாட்டின் தொழில்நுட்பக் கல்வி கால் நூற்றாண்டுக் காலம் வளர்ந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1946இல் பள்ளி கல்லூரியானது. 1955இல் ஜாலான் கர்னிக்கு நகர்ந்தது. 1972 மார்ச் 14இல் தேசியத் தொழில்நுட்பக் கழகம். 1975 ஏப்ரல் 1இல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அதாவது நாம் யுடிஎம் என்று சொல்வது. தலைநகர வளாகம் ஏறத்தாழ 18 ஹெக்டேர். அதற்குள் ஒரு பல்கலைக்கழகம் மூச்சுவிட முடியவில்லை. 1980களில் அது தென்கோடிக்கு, ஸ்கூடாய்க்கு வந்தது. இங்கே அதற்குக் கிடைத்தது ஆயிரம் ஹெக்டேருக்கும் மேல்.

ஜொகூருக்கு அந்த நகர்வு செய்த நன்மையை அளந்து சொல்லி முடியாது. ஸ்கூடாயைச் சுற்றிய தாமான்கள், கடைவீதிகள், வாடகை வீடுகள் எல்லாம் அந்தப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வளர்ந்தவை. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். ரயில்வேக்கு ஆள் பழக்கத் தொடங்கிய பள்ளி, இடம் மாறிக்கொண்டே படிப்படியாக மேலே ஏறியது. கல்லூரி, கழகம், பல்கலைக்கழகம், பிறகு ஆய்வுப் பல்கலைக்கழகம். ஏறியது சரி. அது விட்டுவந்த படியில் நின்றுகொண்டிருந்த பையன் எங்கே போனான்?

பத்து பகாட் வட்டாரத்துக் கதையும் இதே பாதையில்தான் போகிறது. பாரிட் ராஜாவில் உள்ள துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகம், 1993இல் பொலிடெக்னிக் விரிவுரையாளர்களைப் பயிற்றுவிக்கும் மையமாகப் பிறந்தது. 1996இல் கழகம், 2000இல் பல்கலைக்கழகக் கல்லூரி, 2007 பிப்ரவரி 1இல் முழுப் பல்கலைக்கழகம். பதினான்கு ஆண்டுகளில் மூன்று பெயர்மாற்றம். பள்ளிகளிலும் இதுவே நடந்தது. 1926இல் கோலாலம்பூரிலும், 1930களின் தொடக்கத்தில் ஈப்போவிலும் ஜொகூர் பாருவிலும் தோன்றிய தொழிற்பள்ளிகளின் வழிவந்த தொழிற்கல்விப் பள்ளிகளில் பெரும்பாலானவை 1990களில் தொழில்நுட்ப இடைநிலைப் பள்ளிகளாக உயர்த்தப்பட்டன. பாடப்புத்தகம் கனத்தது, கைவேலை குறைந்தது. பிறகு 2012இல் தொழிற்கல்விக் கல்லூரிகள் என்ற பெயரில் பட்டறையை மீண்டும் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. இன்று குளுவாங், சிகாமட், மூவார், பத்து பகாட், கோத்தா திங்கி ஆகிய ஊர்களில் இருப்பவை அந்தக் கல்லூரிகள்.

இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு பாகோவைப் பார்த்தால் ஒரு நம்பிக்கை பிறக்கிறது. மூவார் மாவட்டத்தில், வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டி, செம்பனைக்கு நடுவே எழுந்த உயர்கல்வி மையம் அது. சைம் டார்பி நிறுவனம் கட்டிக்கொடுத்த அந்த வளாகத்தில் நான்கு நிறுவனங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன: யுடிஎம்மின் ஒரு கிளை, துன் உசேன் ஓன் பல்கலைக்கழகத்தின் ஒரு கிளை, அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் ஒரு புலம், துன் சையத் நாசிர் பொலிடெக்னிக். பொலிடெக்னிக்கின் பெயருக்கு உரியவர், தேசிய மொழி நிறுவனமான டேவான் பகாசாவின் தலைவராகவும் பிறகு நாடாளுமன்ற மக்களவைத் தலைவராகவும் இருந்த ஜொகூர்க்காரர். 2017 வாக்கில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகத்தின் பொறியியல் தொழில்நுட்பப் புலமும் டிப்ளோமா மையமும் பாரிட் ராஜாவிலிருந்து இங்கே குடிபெயர்ந்தன. நூலகம், மண்டபம், விளையாட்டு வளாகம் ஆகியவை பொதுவானவை.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது, படியேறும் வழி கண்ணுக்கு முன்னால் இருப்பது. பொலிடெக்னிக்கில் டிப்ளோமா முடிக்கும் மாணவி, சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பட்டப்படிப்பை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டே வகுப்புக்குப் போகிறாள். மேலே போகிறவர்களுக்காகக் கீழ்ப்படியை இடித்துவிடாமல், இரண்டையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறார்கள். இனி ஜொகூரில் எந்தத் தொழில்நுட்பக் கல்லூரி வளாகம் மாறினாலும் இந்த ஒன்றையாவது கற்றுக்கொண்டு மாறட்டும்.

பாகோவின் குறை அதன் தூரம். கார் இருப்பவனுக்கு நெடுஞ்சாலை வசதி. மோட்டார் சைக்கிள்கூட இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது வேறு கதை. ஜொகூர்த் தமிழர் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தால், ரயில் பாதையோடு வரிசையாக வருகிறது: சிகாமட், லாபிஸ், குளுவாங், லாயாங்-லாயாங், கூலாய். ரப்பரும் பிறகு செம்பனையும் ரயிலை ஒட்டி நடப்பட்டன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நம் மக்கள் அந்த ஊர்களின் ஓரங்களில் குடியேறினார்கள். கிம்மாஸ் முதல் ஜொகூர் பாரு வரை 192 கிலோமீட்டருக்கு மின்சார இரட்டைத் தண்டவாளம் போடப்பட்டதும் அதே தடத்தில்தான். பாகோவிலும் பாரிட் ராஜாவிலும் ரயில் நிற்காது. பெரிய தொழில்நுட்ப வளாகங்கள் ஒரு பக்கம், ரயில் ஓடும் ஊர்கள் மறுபக்கம். நிலையத்திலிருந்து வளாகத்துக்கு நேரம் தவறாத ஒரு பேருந்து விடுவதற்கு ஆகும் செலவு, கண்ணாடி முகப்பின் செலவில் ஒரு துளி. 2016இலிருந்து ஜொகூர் அரசு நடத்திவரும் இலவச முவாபாக்காட் பேருந்துகளைப் போன்ற ஒரு சேவையை வளாகங்களின் நேரத்துக்கு ஏற்ப அமைப்பது ஆகாத காரியமல்ல.

விடுதியும் அப்படித்தான். கட்டடம் முதலில், விடுதி இரண்டாம் கட்டத்தில் என்று திட்டமிடும் இடங்களில், முதல் இரண்டு மூன்று ஆண்டு மாணவர்கள் வாடகை அறைகளில் நெருக்கியடித்துத் தங்குகிறார்கள். பொலிடெக்னிக் கல்விக்கட்டணம் ஒரு பருவத்துக்கு 200 ரிங்கிட். அதைக் கட்டிவிடும் குடும்பங்கள்கூட மாத வாடகையிலும் பயணச் செலவிலும் சோர்ந்துபோகின்றன. படிப்பைப் பாதியில் விடும் பையனைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது எளிது. அவன் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூர் செய்ததை இங்கே சொல்ல வேண்டும். அங்கே 1992இல் தொழில்நுட்பக் கல்விக் கழகம், ஐடிஇ, உருவானது. தீவு முழுவதும் சிதறிக் கிடந்த சின்னச் சின்னப் பயிற்சிக்கூடங்களை மூடி, மூன்று பெரிய வளாகங்களாகத் திரட்டினார்கள். 2005இல் சீமெய், 2010இல் சுவா சூ காங், 2013இல் அங் மோ கியோ. பள்ளி முடிப்போரில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் போகும் இடம் அது. ஒருகாலத்தில் கடைசிப் புகலிடம் என்று ஏளனமாகப் பேசப்பட்ட நிறுவனம் 2007இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஆஷ் நிலையம் வழங்கிய புத்தாக்க விருதைப் பெற்றது. கட்டடங்கள் பெரிதாகின, நீச்சல் குளமும் பயிற்சி உணவகமும் வந்தன. ஆனால் நிறுவனம் பல்கலைக்கழகமாக மாற முயலவில்லை. வெல்டரையும் குளிர்சாதனப் பழுதுபார்ப்பவரையும் பழக்குவதே தன் வேலை என்று நிலைத்து நின்றது. வளாகம் உயர்ந்தும் நுழைவாயில் உயராமல் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் வேறு சான்று கிடையாது.

ஜொகூருக்கு இது அவசரம். 2025 ஜனவரியில் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. கூலாய் அருகே செடெனாக்கில் தரவு மையங்கள் எழுந்துகொண்டிருக்கின்றன. பாசீர் கூடாங்கிலும் பெங்கெராங்கிலும் தஞ்சோங் பெலெப்பாசிலும் வெல்டருக்கும் பிட்டருக்கும் வேலை இருக்கிறது. தரவு மையம் என்றதும் கணினிப் பட்டதாரிகளையே நினைக்கிறோம். அந்தக் கட்டடத்தை இரவும் பகலும் உயிரோடு வைத்திருப்பவர்கள் குளிரூட்டும் பொறியைப் பராமரிப்பவர்கள், ஜெனரேட்டர்காரர்கள், எரிசக்தி ஆணையத்தின் சான்று பெற்ற வயர்மேன்கள், சார்ஜ்மேன்கள். தோட்டத்து ஆலையில் தாத்தாவும் அப்பாவும் அனுபவத்தில் கற்ற வேலை, இன்று சான்றிதழோடு நல்ல சம்பளம் தருகிறது. அந்தச் சான்றிதழுக்கான பட்டறை நம் பிள்ளைகள் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும்.

வளாகம் மாறப்போகும் கல்லூரிகளின் நிர்வாகத்திடம் கேட்பது இதுதான்: திறப்புவிழா நாளைக் குறிப்பதற்கு முன் விடுதியையும் பேருந்தையும் உறுதிசெய்யுங்கள். கடைசி இயந்திரம் ஓடத் தொடங்கும் வரை பழைய பட்டறையைப் பூட்டாதீர்கள். சான்றிதழ் நிலைப் படிப்புகளைப் பழைய இடத்திலேயே கைவிட்டுப் போகாதீர்கள்.

படிவம் ஐந்தில் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எஸ்பிஎம் முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். பொலிடெக்னிக்குக்கு யுபியு என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாகவும், மனிதவள அமைச்சின் பயிற்சிக் கழகங்களுக்குத் தனியாகவும் விண்ணப்பிக்க வேண்டும். திறன் பயிற்சிக்குக் கடன் தர பிடிபிகே என்ற தனி நிதியமே இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் ஒரு சனிக்கிழமை பிள்ளையை அழைத்துக்கொண்டு அந்த வளாகத்துக்கே போய்வாருங்கள். பட்டறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இயந்திரங்கள் ஓடுகின்றனவா, விடுதியில் இடம் இருக்கிறதா, பேருந்து எத்தனை மணிக்கு வருகிறது என்று நேரில் கேளுங்கள்.