பவழமல்லிக்குக் குழி தோண்டிய கதை

செகந்திராபாத்தில் வீடு கட்டிக்கொண்ட நம் சங்க அன்பர்கள் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். செடி வைக்கலாமென்று கடப்பாரையை இறக்கினால், ஒரு முழ ஆழத்தில் 'ணங்' என்று சத்தம் கேட்கும். ஏறக்குறைய 250 கோடி ஆண்டு வயதான கருங்கல் பூமி இது. விரிசல்களின் வழியே பாறை மக்கி மொரம் மண்ணாகிவிட, மக்காத நடுப்பகுதி மட்டும் உருண்டைக் கல்லாக மண்ணுக்குள் தங்கிவிடுகிறது.

ஓய்வு பெற்ற பின் என் மனைவி கேட்டது ஒரு பவழமல்லி மரம்தான். குழி தோண்டினோம். அடியில் பாறை தட்டியது. "இவ்வளவு ஆழம் போதும்" என்று நான்தான் சொன்னேன். பாறைக்கு மேல் ஜல்லி பரப்பி, மண் போட்டுக் கன்றை நட்டேன். ஆடி மழையில் அது வேர் அழுகிச் செத்தது.

முப்பது வருஷத்துக்கு மேல் ரயில் பாதை போட்டவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி நீரை வடிப்பது, இரு பக்கமும் திறந்திருப்பதால். மூடிய குழியில் போட்ட ஜல்லி நீரை எங்கே அனுப்பும்? நான் வெட்டியது குழியல்ல, தொட்டி. இப்போதெல்லாம் குழி நிறையத் தண்ணீர் ஊற்றி வைப்பேன். மறுநாளும் தேங்கி நின்றால் அங்கே மரம் கிடையாது. ஒன்றரை அடி உயரத்துக்குக் கல் அடுக்கி மேட்டுப் பாத்தி கட்டிக் கல்வாழை வைத்துவிடுவேன்.

இரண்டாவது இடத்தில் முதலில் இரும்புக் கம்பியால் அடிக்கு ஓர் இடமாகக் குத்திப் பார்த்தேன். நாலு பக்கமும் ஓரம் அகப்பட்டது. அப்படியானால் தனிக்கல், ஓரமே அகப்படாவிட்டால் அது பாறைத் தளம், விட்டுவிட வேண்டியதுதான். இரண்டடி விட்டமுள்ள உருண்டை, 300 கிலோவாவது இருக்கும். ஐந்தடிக் கடப்பாரைக்கு நுனியிலிருந்து அரையடியில் முட்டுக்கல் கொடுத்தால் நம் பலம் ஒன்பது மடங்காகும். இரண்டு பேர் போதும்.

கல் ஒரு சாண் எழும்பியது. கூலிக்கு வந்த தெலுங்குப் பையன் அடியிலிருந்த மண்ணை வழிக்கக் கையை நீட்டினான். கடப்பாரை நழுவியது. அவன் கையை இழுத்ததும் கல் விழுந்ததும் ஒரே கணம். விரல் நுனி மட்டும் உராய்ந்தது. "ஏமி காலேது சார்" என்று அவன் சிரித்தான். எனக்குத்தான் கால் நடுங்கி உட்கார்ந்துவிட்டேன். தூக்கத் தூக்கக் கட்டை கொடு, கட்டையில்லாமல் கையை நீட்டாதே என்று எத்தனை கேங்மேன்களுக்குச் சொல்லியிருப்பேன்! வீட்டுத் தோட்டம்தானே என்ற அலட்சியம்.

பிறகு கட்டைகள் கொடுத்து, அங்குலம் அங்குலமாக ஏற்றிப் பலகையில் உருட்டினோம். நெருப்பு மூட்டித் தண்ணீர் ஊற்றிப் பிளக்கலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். சில்லு தெறித்துக் கண்ணில் படும்; வீட்டருகே அது வேண்டாம். கல் இருந்த பள்ளத்தில் அதே மண்ணையே தொழு உரம் கலந்து நிரப்பினேன். இரண்டு வாரம் நீர் ஊற்றி, மண் அமர்ந்த பிறகே கன்றை நட்டேன். உடனே நட்டிருந்தால் மண்ணோடு கன்றும் இறங்கிப் போயிருக்கும்.

கல்லை வெளியே அனுப்பவில்லை, மரத்தடியிலேயே கிடக்கிறது. குனிய முடியாத என் மனைவி, விடியற்காலையில் அதன்மேல் விழுந்த பூக்களை மட்டும் பொறுக்கிக்கொள்கிறாள்.