ஸ்பிரிங் தராசு காட்டுவது பத்தா, இருபதா?

போன தடவை கொமரலிங்கம் போயிருந்தபோது எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு வாக்குவாதம். அக்கா மகன் ஐடிஐ ஃபிட்டர் முடித்துவிட்டு ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்குப் படிக்கிறான். இரண்டாம் கட்டக் கணினித் தேர்வில் நெம்புகோல், எளிய இயந்திரங்கள், வேலை, ஆற்றல் எல்லாம் கேட்பார்கள். தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். அதனால் விடைக்குறிப்பு சரியா தப்பா என்பது அவனுக்கு வெறும் வாய்ச்சண்டை இல்லை.

கேள்வி இதுதான். படுக்கை வாட்டில் ஒரு ஸ்பிரிங் தராசு. அதன் இரண்டு முனையிலும் கயிறு. ஒவ்வொரு கயிறும் ஒரு கப்பி மேல் போய்க் கீழே தொங்குகிறது. நுனியில் 10 கிலோ எடைக்கல். தராசு எவ்வளவு காட்டும்? விடைக்குறிப்பில் 10 என்று இருந்தது. அவன் 20 போட்டிருந்தான்.

"ரெண்டு பக்கமும் பத்துப் பத்து கிலோ இழுக்குதுங்க மாமா. அப்புறம் எப்படிங்க பத்து வரும்? புக்குல தப்பா போட்டிருக்காங்க."

பி.இ. படித்த எனக்கே ஒரு நிமிஷம் ஆனது. பிறகு கேட்டேன்: "ஒரு பக்கத்துக் கல்லை எடுத்துட்டு, அந்தக் கயித்தைச் சுவத்துல ஆணியடிச்சுக் கட்டிட்டா எவ்வளவு காட்டும்?"

"பத்துங்க."

"ஆணி எவ்வளவு இழுக்குது?"

பதில் இல்லை.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. தராசு அசையாமல் நிற்க வேண்டுமென்றால் ஆணியும் அதே 10 கிலோ அளவுக்கு எதிர்ப்பக்கம் இழுத்தாக வேண்டும். இரண்டாவது எடைக்கல் ஆணியின் வேலையைத்தான் செய்கிறது. புதிதாக எதையும் கூட்டவில்லை. கையில் தராசைப் பிடித்து 10 கிலோவைத் தொங்கவிடும்போதும் கை மேலே இழுக்கிறது, எடை கீழே இழுக்கிறது. அதை 20 என்று யாரும் சொல்வதில்லை.

அவன் முழுசாக நம்பவில்லை. கொப்பரை எடை போடும் ஸ்பிரிங் தராசையும் இரண்டு கப்பியையும் எடுத்து வந்து, ஐந்தைந்து கிலோ தேங்காய்ப் பை இரண்டைத் தொங்கவிட்டோம். முள் ஐந்துக்குப் பக்கத்தில் நின்றது. கப்பியின் உராய்வால் கொஞ்சம் முன்னே பின்னே ஆடியதே தவிர, பத்துப் பக்கமே போகவில்லை.

அடுத்த தகராறு பல்சக்கரம். மூன்று சக்கரங்கள் முக்கோணமாக, ஒவ்வொன்றும் மற்ற இரண்டையும் தொடுகிறது. முதல் சக்கரம் வலமாகச் சுற்றினால் மூன்றாவது எந்தப் பக்கம்? "ஒண்ணு, மூணு, அஞ்சு எல்லாம் ஒரே திசை" என்ற குறுக்குவழிப்படி அவன் வலம் என்றான். வரிசையாக நிற்கும் சக்கரங்களுக்கு அது சரி. இங்கே மூன்றாவது முதலாவதையும் தொடுகிறது. தொடும் இரண்டு சக்கரங்கள் எதிரெதிர்த் திசையில்தான் சுற்ற முடியும். ஆகவே எதுவும் சுற்றாது, இறுகி நிற்கும். சக்கரங்கள் வளையமாக நின்றால், எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கும்போதெல்லாம் இதே கதைதான்.

அப்படியானால் விடைக்குறிப்பு எப்போதும் சரியா? இல்லை. 1982 மே மாதம் அமெரிக்காவில் நடந்த எஸ்.ஏ.டி. தேர்வில் ஒரு கேள்வி: சின்ன வட்டத்தின் ஆரம், பெரிய வட்டத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு. பெரியதன் வெளி விளிம்பில் உருண்டு, புறப்பட்ட இடத்துக்கே வர, சின்னது எத்தனை முறை சுற்றும்? தேர்வு நடத்தியவர்கள் வைத்திருந்த விடை 3. உண்மையான விடை 4. கொடுத்த ஐந்து விடைகளில் 4 இல்லவே இல்லை! ஏறக்குறைய 3 லட்சம் பேர் எழுதிய தேர்வில், மூன்று மாணவர்கள் கடிதம் எழுதி இதைச் சுட்டிக்காட்டினார்கள். அந்தக் கேள்வியை நீக்கி மதிப்பெண்களை மறுபடி கணக்கிட வேண்டியதாயிற்று.

நீங்களே பார்க்கலாம். ஒரே அளவு ஒரு ரூபாய் நாணயம் இரண்டை எடுத்து, ஒன்றை அசையாமல் வைத்து, மற்றதை அதன் விளிம்பில் வழுக்காமல் உருட்டுங்கள். ஒரு சுற்று முடிவதற்குள் அது இரண்டு முறை சுழன்றிருக்கும். காரணம், நாணயத்தின் நடுப்புள்ளி போகும் பாதையின் ஆரம், இரண்டு ஆரங்களின் கூட்டுத்தொகை. தேர்வுக் கேள்வியில் அது சின்ன ஆரத்தைப் போல நாலு மடங்கு; அதனால் நாலு சுழற்சி.

ஆக, தகராறு மூன்று இடத்தில் வரலாம்: நம் உள்ளுணர்வு ஏமாற்றும், குறுக்குவழி தனக்குப் பொருந்தாத இடத்தில் ஓடும், கேள்வி போட்டவரே தப்பியிருப்பார். எது என்று தெரிய நான் கண்ட வழி ஒன்றுதான். கேள்வியை இன்னும் எளிய உருவத்துக்கு மாற்றிப் பாருங்கள். எடைக்கல்லுக்குப் பதில் ஆணி, வட்டத்துக்குப் பதில் நாணயம். முடிந்தால் செய்தே பாருங்கள்.

ரயில்வே தேர்வில் விடைக்குறிப்பு வெளியானதும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஒரு கேள்விக்கு 50 ரூபாய் கட்ட வேண்டும். நம் ஆட்சேபம் சரியென்றால் பணம் திரும்ப வரும். அதையும் அவனிடம் சொன்னேன்.

"கட்டறதுக்கு முன்னாடி தேங்காயைக் கட்டிப் பாத்துக்கறேனுங்க மாமா" என்றான்.