காசு கட்டி ரேடியோ கேட்கலாமா?
வேடந்தாங்கலில் 'ஊமை'யாகிப் போன பெட்டி சொல்லும் பாடம்!

வேடந்தாங்கல்:

பறவைகள் சரணாலயத்துக்குப் பேர் போன வேடந்தாங்கலில், ஒரு வீட்டு அலமாரியில் பழைய ரேடியோ பெட்டி ஒன்று இருக்கிறது. தூசி படியாமல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். ஆனால் அது பாடாது. பேசாது. 2009-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதியோடு அதன் வாய் அடைத்துவிட்டது!

பெட்டிக்குச் சொந்தக்காரர், தபால் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து போனார். பிள்ளைகள் வெளியூரில். சாயந்தரம் ஆனால் அவருக்குத் துணை பாட்டுதான்.

அவருடைய அக்கா மகன் சென்னையில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். போன வாரம் லீவில் வந்தவர், "மாமா, உங்க செல்போன்ல பாட்டு கேக்க ஒரு வருஷத்துக்கு மொத்தமா காசு கட்டிடறேன். விளம்பரமே வராது" என்றார்.

மாமா கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாம்ப்பா. ரேடியோவுக்குக் காசு கட்டி ஒருவாட்டி பட்டது போதும்!"

அவர் பட்டது என்ன? விவரம் வருமாறு:–

15 ரூபாய் லைசென்ஸ்!

ரேடியோவுக்குக் காசு கட்டுவது நம் ஊருக்குப் புதுசு அல்ல. வீட்டில் ரேடியோ வைத்திருந்தால் தபால் ஆபீசில் வருஷத்துக்கு 15 ரூபாய் லைசென்ஸ் கட்டிய காலம் உண்டு. 1980-களின் நடுவில்தான் அது ரத்தானது. இந்தப் பெரியவரே கவுண்டரில் உட்கார்ந்து அந்தப் பணத்தை வாங்கி முத்திரை குத்தியவர்தான்.

அப்புறம் ரேடியோ இலவசம். 1977-ல் சென்னையில் ஆகாசவாணியின் எப்.எம். வந்தது. 2003-ல் சூரியன், மிர்ச்சி என்று தனியார் எப்.எம்.களும் வந்தன. ஆனால் எப்.எம். அலை நேர்கோட்டில் போகக்கூடியது. தூரம் போகப் போக இளைத்துவிடும். சென்னையில் கணீரென்று கேட்கிற பாட்டு, ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற வேடந்தாங்கலில் கரகரக்கும்.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் வானத்தில் இருந்தே ரேடியோ வந்தது.

35 ஆயிரம் கிலோமீட்டர் உயரம்!

கம்பெனியின் பெயர் வேர்ல்டுஸ்பேஸ். எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா என்பவர் அமெரிக்காவில் தொடங்கியது. 1998-ல் ஆப்பிரிக்காவுக்கு ஒரு செயற்கைக்கோள். 2000-ம் ஆண்டு மார்ச்சில் ஆசியாவுக்கு 'ஆசியாஸ்டார்' என்று இன்னொன்று. பூமிக்கு மேல் ஏறக்குறைய 35 ஆயிரத்து 800 கிலோமீட்டர் உயரத்தில் நின்றுகொண்டு, இந்தியா முழுவதற்கும் பாட்டை வாரி இறைத்தது.

அதற்கென்றே தனி ரேடியோ வாங்க வேண்டும். கூடவே உள்ளங்கை அகலத்தில் சதுரமாக ஒரு ஆன்டெனா. வேடந்தாங்கல்காரர்கள் அதைக் கிழக்கே, கல்பாக்கம் கடல் பக்கமாகப் பார்த்து, சற்றே தெற்கே திருப்பி, தலையைத் தூக்கி வைக்க வேண்டும். குறுக்கே மரமோ சுவரோ வந்தால் பாட்டு 'கட்'. சரியாக வைத்துவிட்டால் தெள்ளத் தெளிவு. கரகரப்பு என்ற பேச்சே கிடையாது.

கர்நாடக சங்கீதத்துக்கு 'சுருதி', இந்துஸ்தானிக்கு 'கந்தர்வ்', பழைய இந்திப் பாட்டுக்கு 'பரிஷ்தா', தமிழுக்கு 'கே.எல். ரேடியோ' என்று 24 மணி நேரமும் தனித்தனி சேனல்கள். இசையமைப்பாளர் ஏ.ஆர்.ரகுமான் விளம்பரத் தூதர். கேட்கவா வேண்டும்? சந்தா கட்டியவர்கள் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியது.

நம் தபால்காரரும் 2006-ல் பெட்டி வாங்கினார். "ராத்திரி சாப்பிட்டுட்டு நானும் அவளும் திண்ணையில உக்காந்து கச்சேரி கேப்போம். பறவைங்களுக்குத் தொந்தரவு ஆகக்கூடாதுன்னு சத்தத்தைக் குறைச்சே வைப்போம். இந்த ஊர்ல தீபாவளிக்கே வெடி வெடிக்க மாட்டோமே!" என்கிறார் அவர்.

திவால்!

எங்கே இடித்தது? செயற்கைக்கோள் செலவு மலை போல. சந்தா வரவு மடு போல. 2008 அக்டோபரில் கம்பெனி அமெரிக்காவில் திவால் மனு போட்டது. 2009 டிசம்பர் கடைசியில் இந்தியச் சந்தாதாரர்களுக்குத் தகவல் வந்தது: 31-ந் தேதியோடு நிறுத்தம்!

முன்கூட்டியே மொத்தமாகக் கட்டியவர்கள் தலையில் கை வைத்தார்கள். மீதி மாதங்களின் பணம் எங்கோ கடல் கடந்த திவால் வழக்கில் போய்ச் சிக்கியது. பணம் போனதைவிடக் கொடுமை, கையில் இருந்த ரேடியோ. அந்த ஒரு கம்பெனியின் செயற்கைக்கோளை விட்டால் வானத்தில் இருந்து வேறு எதையும் அது பிடிக்காது. செட்டு நல்ல செட்டு. ஆனால் உயிர் இல்லை.

அமெரிக்காவில் மட்டும் ஓடுவது எப்படி?

அமெரிக்காவிலும் சந்தா ரேடியோ உண்டு. சிரியஸ், எக்ஸ்.எம். என்ற இரண்டு கம்பெனிகள் 2008-ல் ஒன்றாகின. இன்றைக்கும் அவர்களுக்கு 3 கோடிக்கு மேல் சந்தாதாரர்கள்.

ரகசியம், கார்! புதுக் கார் வாங்கும்போதே ரேடியோ பொருத்தி வருகிறது. மணிக்கணக்காக வண்டி ஓட்டுகிறவன் காசு கட்டுகிறான். நகரங்களில் கட்டிடம் மறைக்கிற இடத்தில் தரையிலும் கோபுரம் நட்டிருக்கிறார்கள். இந்தியாவில் வேர்ல்டுஸ்பேஸ் பெட்டி வீட்டு ஜன்னலோரத்தில்தான் பாடியது. பஸ்சில், ரெயிலில் போகிறவனுக்கு அதனால் பிரயோஜனம் இல்லை.

இலவசமாக என்ன கிடைக்கிறது?

இன்றைக்கு ஆகாசவாணி நிகழ்ச்சிகளை செல்போன் செயலியில் இலவசமாகக் கேட்கலாம். டேட்டா செலவு மட்டும்தான். தூர்தர்ஷனின் 'பிரீ டிஷ்' வைத்திருக்கும் வீடுகளில் டி.வி.யிலேயே ஆகாசவாணி ரேடியோ சேனல்களும் வருகின்றன. மாதச் சந்தா கிடையாது. அதுவும் செயற்கைக்கோளில் இருந்து வருவதுதான்! பல வீட்டுக்காரர்கள் ரிமோட்டில் அந்தப் பக்கமே போவதில்லை.

சரி, சந்தா கட்டுவது வீண் செலவா? அப்படியும் சொல்ல முடியாது. வருஷத்துக்கு 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 3 ரூபாய் 30 காசு. ஒரு டீயின் விலைகூட இல்லை. தினம் இரண்டு மணி நேரம் கேட்பவருக்கு இது லாபம். வாரத்தில் ஒரு நாள் கேட்பவருக்கு நஷ்டம்.

ஆக, காசு கட்டும் முன்பு மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்:

* இதே சரக்கு இலவசமாக எங்காவது கிடைக்கிறதா?

* கம்பெனி மூடிவிட்டால், வாங்கின கருவி வேறு வேலைக்கு ஆகுமா?

* மாதா மாதம் கட்ட முடியுமா? 'மொத்தமாகக் கட்டினால் சலுகை' என்றால், நஷ்டப்படும் தொகையும் மொத்தம்தான்!

இன்னொன்றும் உண்டு. இது புயல் அடிக்கிற பகுதி. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரை கடந்தது. கரண்டு போய், செல்போன் டவரும் படுத்துவிட்டால் எந்தச் சந்தாவும் உதவாது. பேட்டரி போட்ட சின்ன டிரான்சிஸ்டர் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது.

மாமா போட்ட கண்டிஷன்!

கடைசியில் மாமாவும் மருமகனும் சமாதானம் ஆனார்கள்.

"வருஷத்துக்கு வேணாம். மாசா மாசம் கட்டு. பிடிக்கலேன்னா அடுத்த மாசமே நிறுத்திடு" என்று மாமா கண்டிஷன் போட்டார்.

அன்று ராத்திரி திண்ணையில் மறுபடியும் கச்சேரி கேட்டது. செல்போனில்தான். சத்தம் குறைவாகத்தான்.

"அப்ப இந்தப் பழைய பெட்டியைக் காயலான் கடையில போட்டுடலாமா, மாமா?" என்று மருமகன் கேட்டார்.

"அது கிடக்கட்டும். உங்க அத்தை துடைச்சு வச்ச பெட்டிடா அது" என்றார் பெரியவர்.