மலையேறிய மாடுகளின் இரத்த உறவு

யாங்கூன், நம்மவர் நாவில் இன்றும் இரங்கூன், கடல்மட்டத்தை ஒட்டிய நகரம். ஆனால் அதே நாட்டின் வடகோடியில் 5,881 மீற்றர் உயரமான ககாபோ ராசி பனிமலை நிற்கிறது. யாங்கூன் சமவெளியின் திமில் எருதை அம்மலைச் சாரலிற் கொண்டுபோய்க் கட்டினால் என்னவாகும்?

மூச்சுத் திணறும் என்பது பாதி விடைதான். 5,500 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தினதில் பாதியே. பிராணவாயு குறைந்ததும் மாட்டின் நுரையீரல் நாடிகள் இறுகுகின்றன. அவற்றினூடாக இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இருதயத்தின் வலப்புறம் வீங்கி, ஈற்றில் சோர்கிறது. முன்மார்பிலே நீர் கோத்து மாடு மடிகிறது. அமெரிக்காவின் கொலராடோ மலைப் பண்ணையாளர் நூறாண்டுக்கு மேலாக அறிந்த நோய் இது.

திபெத்தின் யாக் எருதை இந்நோய் அண்டுவதில்லை. (குறள் கூறும் கவரிமா இதுவே என்பாரும் உளர்.) அதன் நுரையீரல் நாடிகளின் சுவர் மெல்லியது, எளிதில் இறுகாது. மாட்டுக்கு 13 சோடி விலாவென்பு. யாக்குக்கோ 14 அல்லது 15. அந்த அகன்ற நெஞ்சறைக்குள்ளே பெரிய இருதயமும் பெரிய நுரையீரலும்.

இது பழக்கமா, பரம்பரையா? லடாக்கில் நடந்து 1986இல் வெளியான ஆய்வு அழகான விடை தந்தது. அங்கே யாக்கையும் மாட்டையும் கலந்து வளர்ப்பர். முதற் கலப்பில் ஆண் மலடு, பெண் ஈனும். முதற் கலப்பு விலங்குகளின் நாடிகள் யாக்கைப் போலவே தளர்ந்திருந்தன. கலப்புப் பசுவை மீண்டும் மாட்டுக் காளையுடன் சேர்த்துப் பிறந்தவையோ இரு கூட்டமாகப் பிரிந்தன: சில யாக்கைப் போல, சில மாட்டைப் போல. ஆகவே இது தாய் தந்தையர் கையளிக்கும் சொத்து. மலைவாசிக்கு இது வெறும் ஏட்டறிவன்று. மேலேறும் கன்றுகளில் எது பிழைக்கும் என்பது இதிலேயே தங்கியுள்ளது.

யாக்கின் பரம்பரை அலகுத் தொகுதி 2012இல் வாசிக்கப்பட்டது. மாட்டினமும் யாக்கும் ஏறத்தாழ 49 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன என்பது அந்த ஆய்வின் கணிப்பு. பின்னர், 2018இல், இன்னொரு செய்தி வந்தது: திபெத்திய மாடுகள், பிராணவாயுக் குறைவைச் சமாளிக்கும் ஓர் அலகை யாக்கிடமிருந்தே பெற்றிருந்தன. தாமாக ஆயிரம் தலைமுறை காத்திராமல், மலைக்கு முன்பே வந்து வேரூன்றிய உறவினரிடம் பெண் எடுத்த கதை!

சரி, யாக்கை யாங்கூனுக்கு இறக்கினால்? அடர்ந்த உரோமம், குறைந்த வியர்வை. ஏப்பிரல் வெயிலில் அது நிழல் தேடி மூச்சிரைக்க நிற்கும். திமில் எருதோ அதே வெயிலில் வண்டி இழுத்துச் செல்லும்.